துரையின் முகத்தைப் படித்தவர்கள்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இப்போது கிள்ளிப் பறிக்கும் கை அபூர்வம். சரிவு அதிகமான இடங்களில் கத்தரி; மற்ற இடங்களில் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் கத்தி ஓட, வெட்டுப்பட்ட இலையைக் காற்று ஊதிப் பைக்குள் தள்ளும். எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஒருவர் கை தாழ்ந்தால் முற்றலும் குச்சியும் சேர்ந்து வரும். கூட்டாளியின் தோளையும் நடையையும் பார்த்துத் தன் கையைத் திருத்திக்கொண்டே போகவேண்டும்.

இப்படி அடுத்தவரைப் பார்த்தே புரிந்துகொள்ளும் திறமையை உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தார்கள். அனிதா வூலியும் சகாக்களும் 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்து, புதிர் முதல் பேரம் வரை பல வேலைகள் கொடுத்தனர். முடிவு 2010-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. குழுவில் ஒரு மகா புத்திசாலி இருந்ததால் பெரிய பயன் இல்லை. கண்களின் படத்தை மட்டும் பார்த்து, அந்த ஆள் என்ன உணர்கிறார் என்று சொல்லும் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இருந்த குழுக்களே முந்தின. ஒருவரே பேசிக்கொண்டிருந்த குழுக்கள் பின்தங்கின. பெண்கள் கூடுதலாக இருந்த குழுக்களும் நன்றாகச் செய்தன. அதற்கும் பெரும்பாலும் அந்தக் கண் தேர்வு மதிப்பெண்தான் காரணம். 2017-இல் பேட்ஸ், குப்தா என்ற ஆய்வாளர்கள் இதை மறுத்தனர்: கெட்டிக்காரர்கள் சேர்ந்தால்தான் கெட்டிக்காரக் குழு என்றார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

என்னைக் கவர்ந்தது வேறு கேள்வி. முகம் படிக்கும் திறமை யாரிடம் சேருகிறது? அதே 2010-இல் மைக்கேல் கிராவுஸ், ஸ்டெஃபான் கோத்தே, டாக்கர் கெல்ட்னர் மூவரும், சமூகப் படிநிலையில் கீழே இருப்பவர்கள் பிறர் உணர்ச்சியைக் கூடுதல் துல்லியமாகக் கணிக்கிறார்கள் என்று எழுதினர். பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஆதரிக்கவில்லை. ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இராது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்து மலாயாவில், தோட்டத்தை நடத்தும் துரை, கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் மண்டோர் என்று படி இறங்கும். கடைசிப் படியில் நின்ற தொழிலாளிக்குத் துரையின் புருவம் தெரிந்தாக வேண்டும். துரைக்கு அவர் பெயர்கூடத் தெரியவேண்டியதில்லை. குழுவின் புத்தி உயரவேண்டுமானால் முகம் படிக்கவேண்டியவர் மேலே இருப்பவர். அவருக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை.

பிறரைப் படிப்பதாவது பரவாயில்லை, தன்னை எடைபோடுவது இன்னும் சிரமம். மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் 1979-இல் கணவன் மனைவியரைத் தனித்தனியே கேட்டனர்: வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு? பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு பங்கும் சேர்ந்து முழு வேலையையே மிஞ்சியது. பொய் சொல்லவில்லை, தான் செய்தது நினைவில் நிற்கிறது, மற்றவர் செய்தது கண்ணில் படுவதே இல்லை.

கோயில் நிர்வாகக் குழுவிலும் இதைச் செய்து பார்க்கலாம். திருவிழா முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, தன் உழைப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை நூறைத் தாண்டும் என்றே நினைக்கிறேன். சீட்டைப் பெயர் போடாமல் வாங்கவேண்டும். பெயர் போட்டால், தலைவர் எவ்வளவு எழுதுவார் என்று கணக்குப் பார்த்து மற்றவர்கள் தங்கள் பங்கைக் குறைத்துவிடுவார்கள்.