வாக்குப்பெட்டி எட்டாத தோட்டங்கள்

கடாரத்து மண் – தொடர் 17

ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 1946, 47ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்துப் பாட்டாளிகள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்து நின்ற காலம் அது. எங்கள் லயத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதை நாங்களே சொல்வோம் என்று பால்மரக் காட்டு மக்கள் உரக்கச் சொன்ன காலம். பிற்பாடு அந்த உரிமை சட்டத்தின் வழியாக அவர்களுக்குக் கிடைத்ததா? கிடைக்கவில்லை. இன்று கெடாவில் ஆற்று நீர், குப்பை, புகை, செம்பனைக்கு அடிக்கும் மருந்து, மலைச்சரிவு என எதை எடுத்தாலும் பேச்சு கடைசியில் வந்து முட்டும் இடம் அதுதான்.

தேர்தல் காலத்தில் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் வேட்பாளர்கள் தோட்டங்களுக்கும் தாமான்களுக்கும் வருகிறார்கள். கோயில் மானியம், தமிழ்ப்பள்ளி மண்டபம், தார்ச்சாலை பற்றிப் பேசுகிறார்கள். சாக்கடையும் குப்பை மேடும் தொழிற்சாலைப் புகையும் பேச்சில் அடிபட்டாலும், வென்ற பிறகு அவை அவர்களுடைய மேசைக்கு நேரடியாக வருவதில்லை. தொழிற்சாலைக்கு வியாபார உரிமம் தருவதும் கட்டடத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும் நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம். அங்கே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் எவரும் உங்கள் வாசலில் நின்று வாக்குக் கேட்டவர் அல்லர். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 பேர் வரை மாநில அரசு நியமிக்கிறது. நாம் வாக்களிப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு நம் வாக்குத் தேவையில்லை. பசுமை பேசும் ஊராட்சி வேட்பாளர் கெடாவில் இல்லாததற்கு முதல் காரணம், ஊராட்சி வேட்பாளர் என்ற ஆளே இங்கு இல்லாததுதான்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பரில் ஜோர்ஜ் டவுனில் மக்கள் வாக்களித்து நகராட்சி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மலாயா சுதந்திரம் பெறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு நடந்தது அது. தொடர்ந்து மற்றப் பட்டணங்களுக்கும் தேர்தல் வந்தது. அலோர் ஸ்டாரும் சுங்கைப் பட்டாணியும் அவற்றில் அடங்கும். 1952இல் உள்ளூர் மன்றங்களுக்கான சட்டம் வந்ததும், அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் குடியேற்றப்பட்ட புதுக்கிராமங்களுக்குக்கூடத் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச் முதல் தேதி துங்கு அப்துல் ரஹ்மானின் அரசு ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தது. மோதல் அடுத்த ஆண்டே முடிந்துவிட்டது. தேர்தல் திரும்பவில்லை.

இந்த இடத்தில் ஒரு தமிழரின் பெயரை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வழக்கறிஞர், செனட்டர் ஆதி நாகப்பன். இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்று பலருக்குத் தெரியும். ஆனால் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். நாட்டின் மேற்குப் பகுதியில் அப்போது இருந்த 370க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகளைப் பற்றி ஆணையம் விசாரித்தது. ஊழலும் சீர்கேடும் இருந்த இடங்கள் உண்டு என்பதை அது மறைக்கவில்லை. அதற்கு மருந்து தேர்தலை எடுத்துவிடுவது அன்று என்று சொன்னது. 1968 இறுதியில் எழுதி முடிக்கப்பட்ட அந்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைத் திரும்பக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. ஆளுங்கூட்டணியிலேயே இருந்த ஒருவர் தலைமையில் எழுதிய பரிந்துரை அது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆதி நாகப்பன் காலமானதும் அதே ஆண்டில்தான்.

இதுவரை சொன்னது பட்டணத்தாருக்கும் புதுக்கிராமத்தாருக்கும் நேர்ந்த இழப்பு. தோட்டத்து மக்களின் கதை அதைவிட மோசம். அவர்களிடம் பறிப்பதற்குக்கூட எதுவும் இருக்கவில்லை. தோட்டம் தனியார் நிலம். சாலை, தண்ணீர், சாக்கடை, குப்பை, மருந்தகம் எல்லாம் நிர்வாகத்தின் கையில். புதுக்கிராமங்களில் மன்றத் தேர்தல் நடந்த அதே ஆண்டுகளில், பக்கத்துத் தோட்டத்து லயத்தில் காலைப் பெரட்டுக்கு நின்றவருக்கு அந்தத் தேர்தலில் இடம் இருந்ததில்லை. இன்றும் தோட்டத்துக் குடியிருப்பின் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி பொறுப்பாளி முதலாளிதான். கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. வேலை தருபவரே வீடும் தண்ணீரும் தருபவராக இருக்கும்போது, சாக்கடை நாறுகிறது என்று எத்தனை பேர் துணிந்து எழுதிக் கொடுப்பார்கள்?

கூலிமில் 1996இல் திறக்கப்பட்ட ஹைடெக் தொழிற்பேட்டைக்குத் தனியாக ஓர் ஊராட்சி நிர்வாகமே உண்டு. தொழிற்சாலைகளுக்கு அப்படி ஒன்று தேவை என்று கருதி அமைத்தார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே கூலிம் மாவட்டத்தில் மூன்று, நான்கு தலைமுறையாக மனிதர்கள் பிறந்து வளர்ந்து மாண்ட தோட்டங்களுக்கு அப்படி ஒன்று தேவை என்று எந்த அரசுக்கும் தோன்றவில்லை. இந்த வேறுபாடு எனக்குப் பெரிய வருத்தம் தருகிறது.

குரல் இல்லாததன் விலையைத் தோட்டத்துப் பெண்கள் உடம்பால் கொடுத்தார்கள். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் அடியில் புல் பூண்டை ஒழிக்க மருந்து அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. முதுகில் தோம்பு, கையில் குழாய். அவர்கள் அடித்த மருந்துகளில் மிகக் கொடியது பாராகுவாட். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வடிந்தது, கண் எரிந்தது என்று அவர்கள் சொன்னதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஐரின் பெர்னாண்டஸ். நம் சுங்கைப் பட்டாணியில் 1946இல் பிறந்தவர். தோட்டச் சூழலில் வளர்ந்தவர். 1991இல் அவர் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. அந்த ஆண்டே அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை நுரையீரல்கள் கெட்டிருக்கும்! ஐரின் 2014இல் மறைந்தார். தடையைப் பார்க்க அவர் இல்லை.

தடுப்புக் காவல் முகாம்களைப் பற்றிய அறிக்கைக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2003இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதனால் 2004 பொதுத்தேர்தலில் அவர் போட்டியிட முடியாமல் போனது. 2008இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். மண்ணையும் உடம்பையும் பற்றிப் பேசக்கூடிய வேட்பாளர் கெடா மண்ணில் பிறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிறந்தார், அவருக்கு மேடைதான் இல்லை. ஊராட்சி மன்றம் ஒரு பூச்சிக்கொல்லியைத் தடை செய்ய முடியாது. அது கூட்டரசின் அதிகாரம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்களின் வாக்கில் வென்ற ஓர் உறுப்பினர் மாவட்ட மன்றக் கூட்டத்தில் மாதந்தோறும் எழுந்து அதைப் பேசியிருந்தால், பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருக்குமா?

சுங்கைப் பட்டாணியின் பிளாஸ்டிக் புகையும் இதே பாடம்தான். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவை அடைத்ததும், பணக்கார நாடுகளின் கழிவு மலேசியத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. சிலாங்கூரின் ஜெஞ்சாரோமும் கெடாவின் சுங்கைப் பட்டாணியும் அதன் சுமையைத் தாங்கிய ஊர்கள். உரிமம் இல்லாத ஆலைகள் இரவில் எரித்தன. குடியிருப்புகளில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள், பிள்ளைகளுக்கு இருமல். மக்கள் சங்கமாகத் திரண்டு, புகார் எழுதி, படம் எடுத்து, பத்திரிகைகளைக் கூட்டிவந்த பிறகே நடவடிக்கை தொடங்கியது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. நல்ல காரியம். ஆனால் அந்த ஆலைகள் நின்றது ஊராட்சி எல்லைக்குள். தினமும் அந்த வழியே போகும் மன்ற உறுப்பினருக்கு அடுத்த தேர்தல் என்ற ஒன்று இருந்திருந்தால், மக்கள் இத்தனை மாதம் இருமியிருக்க வேண்டியதில்லை என்றே நம்புகிறேன்.

இது வெறும் நம்பிக்கையா என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் பெருமாட்டி ஊராட்சியைப் பார்க்கட்டும். அங்குள்ள பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. உரிமம் கொடுத்தது அதே ஊராட்சிதான். கிணற்று நீர் கெட்டுப்போனது என்று மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் ஊராட்சி தன் மனத்தை மாற்றிக்கொண்டு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு பல படிகள் ஏறி இறங்கியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு ஓடவேயில்லை. தவறு செய்த ஊராட்சி தன்னைத் திருத்திக்கொண்டது. ஏனென்றால் அந்த ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அதன் வாக்காளர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையிலோ, 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் முயற்சியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே ஊராட்சி சொந்தமாக வாங்கியது. ஒரு கிராமத்து மன்றம் மின்சாரம் விற்றது.

ஊராட்சித் தேர்தல் வந்தால் இனப்பூசல் வரும் என்பது இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் மறுப்பு. 2018இல் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் சுரைடா கமாருடின் மூன்று ஆண்டுகளில் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார். அந்த ஆண்டு டிசம்பரில் பிரதமர் மகாதீர், அலோர் ஸ்டாரில் பிறந்தவர், நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இன மோதல் உண்டாகும் என்று கூறி மறுத்தார். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கெடாவில் இயற்கை அடித்தபோது இனம் பார்க்கவில்லை. 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராயிலிருந்து யான் பக்கம் பாய்ந்த நீர்ப்பெருக்கில் ஆறு உயிர்கள் போயின. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங்கின் கூப்பாங்கில் சேறும் மரங்களுமாக வெள்ளம் இறங்கி மூன்று பேர் மாண்டனர். மேலே குனோங் இனாஸில் டுரியான் தோட்டத்துக்காகக் காடு வெட்டியதுதான் காரணமா என்ற வாதம் நாடு முழுக்க நடந்தது. மெர்போக் ஆற்றில் மீன் பிடிக்கும் மலாய்க்காரருக்கும் பீடோங் தோட்டத்துத் தமிழருக்கும் வேண்டிய தண்ணீர் ஒன்றேதான். அந்தத் தண்ணீருக்காக அவர்கள் இருவரும் ஒரே வேட்பாளருக்கு வாக்களிக்கும் வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்காமலே, சண்டைதான் வரும் என்று எப்படி முடிவு கட்டுவது?

மூடா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பினாங்கு மாநிலம் 2012இல் தன் சொந்தச் சட்டத்தின் வழி ஊராட்சித் தேர்தல் நடத்த முயன்றது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆகவே திறவுகோல் நாடாளுமன்றத்தில் இருக்கிறது; 15ஆம் பிரிவு அங்கேதான் நீக்கப்பட வேண்டும். நீக்கும்போது தோட்டக் குடியிருப்புகளையும் வார்டு எல்லைக்குள் சேர்க்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்காவிட்டால், பட்டணத்துக்குத் தேர்தல் திரும்பும். தோட்டம் மீண்டும் வெளியே நிற்கும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய அதன் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்ததே. 10ஆம் பிரிவு, தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவர்களையும் உறுப்பினராக நியமிக்கலாம் என்கிறது. தோட்டத்துக் கோயில் குழுவும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மகளிர் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து, மருந்து அடிக்கும் வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரை மாநில அரசுக்கு எழுதி அனுப்பலாம். நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உங்கள் மாவட்டத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்ட வரைவு குறைந்தது நான்கு வாரம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிறது, எங்கே ஆலை வருகிறது, குப்பை எங்கே போகிறது என்பது அந்த வரைபடத்தில் இருக்கும். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கலாம்; நேரில் பேச வாய்ப்புக் கேட்கலாம். சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ பாலிங்கிலோ அடுத்த வரைவு வைக்கப்படும்போது, ஒரு தோட்டத்திலிருந்து பத்துப் பேராவது போய் அந்தப் படத்தில் தங்கள் லயம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து வாருங்கள்.

அடுத்த வாரம்: கெடாவுக்கும் பினாங்குக்கும் தண்ணீர் தரும் உலு மூடா காடு.

(தொடரும்)