கொல்லையில் நிற்கும் காருக்கும் காவல் வேண்டும்!

பழைய நகை, பழைய பட்டுப் புடவை என்றால் நாம் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்வோம். பழைய காருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. வாசலிலோ கொல்லையிலோ ஒரு தார்ப்பாயைப் போர்த்திக் கொண்டு வருஷக் கணக்கில் நிற்கும். "ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் பார்க்கலாம்" என்பார்கள் வீட்டு ஆண்கள். ஞாயிறு வரும், போகும். கார் மட்டும் நகராது. ஆர்.சி. காலாவதியாகி இருக்கும். இன்ஷூரன்ஸ் கடைசியாக எப்போது கட்டினோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாம் கேட்டால், "ரோட்டுக்கே வராத வண்டிக்கு எதுக்கும்மா இன்ஷூரன்ஸ்?" என்று நம் வாயை அடைத்து விடுவார்கள்.

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் மாமனார் ஆசையாக வைத்திருந்த 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையிலேயே தயாரான கார் அது. 1961-லிருந்து சுமார் பத்து வருஷம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்து விற்றது. முன்பக்கம் முழுவதும் மூக்கோடு சேர்த்து அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். அதைப் பார்க்கவே தெருப் பிள்ளைகள் கூடி விடுவார்கள். மாமனார் காலமான பிறகு அதைப் புதுப்பித்து ஓட்ட வேண்டும் என்று இவருக்கும் பாலிடெக்னிக் படிக்கும் என் பையனுக்கும் ஒரே பிடிவாதம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வீட்டில் நிற்கப் போகிற பொருள் என்றால் அதன் பாதுகாப்பு நம் தலையில்தானே விடியும்? அதனால் ஏஜெண்டையும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் விவரம் தெரிந்தவர்களையும் கேட்டுக் கேட்டு நான் தெரிந்து கொண்டதை நம் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி, பொது இடத்தில் உபயோகிக்கும் வண்டிக்குத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மறுபடியும் அகப்பட்டால் அபராதம் 4,000. பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் நம் சொந்தக் கொல்லை பொது இடம் ஆகாது. ஆகவே அங்கே சும்மா நிற்கும் வண்டிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அந்த மட்டில் இவர் சொன்னது சரிதான்.

வாசல் தெரு அப்படி இல்லை. அது பொது இடம். "நிறுத்தித்தானே வைத்திருக்கிறோம், ஓட்டவில்லையே" என்று தப்பிக்கவும் முடியாது. ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்த ஒரு பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்துப் பலர் இறந்த வழக்கில், நகராமல் கிடந்த வண்டியும் உபயோகத்தில் இருந்ததாகவே அர்த்தம் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது. பதிவு சம்பந்தமான 39-வது பிரிவு இதைவிடக் கறார். பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலுமே ஓட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. "தெரு முனை வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று பையன் சாவியை எடுத்தால் விடாதீர்கள். மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டு போவதானால் ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

எங்கள் ஊரில் தெருவில் காரை விடுவது இன்னொரு தலைவலி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம். கார்த்திகை தீபத்தின்போதோ கேட்கவே வேண்டாம். ஏழாம் நாள் மாட வீதிகளில் தேர் ஓடும், தீபத்தன்று ஊருக்குள் வண்டிகளையே விட மாட்டார்கள். தெருவில் நிற்கிற வண்டியை எடு என்று போலீஸ் சொன்னால், நாலு டயரிலும் காற்றில்லாத ஹெரால்டை யார் தூக்கிக்கொண்டு போவது? கொல்லையில் ஒரு தகர ஷெட் போட்டு, இரும்புக் கதவும் பூட்டும் வைத்தால்தான் கார் வீட்டுக்கு வரும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லி விட்டேன். செலவைப் பார்த்து இவர் முணுமுணுத்தார். பிறகு ஏஜெண்டும் அதையே கேட்டபோதுதான் முணுமுணுப்பு நின்றது.

ஏஜெண்ட் சொன்ன விஷயம் பலருக்குத் தெரிந்திருக்காது. உபயோகிக்காமல் கராஜில் நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்கு, தீ விபத்துக்கும் திருட்டுக்கும் மட்டும் பாலிசி எடுக்க 2002-ம் வருஷத்து இந்திய மோட்டார் டாரிஃபிலேயே இடம் இருக்கிறது. ஏற்கெனவே முழு பாலிசி இருக்கும் வண்டியைக் குறைந்தது இரண்டு மாதம் தொடர்ந்து நிறுத்தி வைப்பதாக இருந்தாலும், கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பாதுகாப்பை இப்படிச் சுருக்கிக் கொள்ளலாம். விபத்துக்குப் பிறகு ரிப்பேருக்கு நிறுத்துவது அதில் சேராது. இந்த வகைப் பாலிசிக்கு வண்டி நிஜமாகவே கராஜில் இருக்க வேண்டும், நிஜமாகவே ஓடாமல் இருக்க வேண்டும். "தெருவில் நின்னா நான் கையெழுத்து போட மாட்டேன்மா" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி விட்டார். அப்படிக் கறாராகப் பேசுகிற ஏஜெண்டைத்தான் எனக்குப் பிடிக்கும்.

பெயரே தீ, திருட்டு என்பதால் வெள்ளம் இதில் வராது என்பதையும் கேட்டு உறுதி செய்து கொண்டேன். 2024 டிசம்பர் 1-ந் தேதி ஃபெங்கல் புயல் மழையில் எங்கள் ஊர் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் உயிரிழந்ததை நாங்கள் மறக்க முடியாது. அந்த மழைக்குப் பிறகு யார் வீட்டில் எதைக் கட்டினாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துத்தான் கட்டுகிறோம். ஷெட்டின் தரையை முற்றத்தைவிட ஒரு முழம் உயர்த்தித்தான் போட்டோம்.

"வீட்டுக்கே இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோமே, கொல்லையில் இருக்கிற காரும் அதில் வந்துடாதா?" என்று என் ஓரகத்தி கேட்டாள். வராது. 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி கொடுக்கும் பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியை வாங்கிப் படித்துப் பாருங்கள். தங்கக் கட்டி, ரொக்கம், பத்திரங்களோடு வாகனங்களையும் விலக்குப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்தால்தான் உண்டு. ஷெட்டில் தீப்பிடித்தால் கட்டிடத்துக்குப் பணம் வரலாம், உள்ளே எரிந்த காருக்கு வராது.

பதிவில்லாத வண்டிக்கு வெறும் பாலிசி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ராஜஸ்தான்காரர் ஒருவர் புது பொலேரோ வாங்கினார். இன்ஷூரன்ஸ் 6 லட்சத்துச் சொச்சத்துக்குச் சரியாகவே இருந்தது. தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19-ல் முடிந்து விட்டது. நிரந்தரப் பதிவு செய்யவில்லை. ஒன்பது நாள் கழித்து ஜோத்பூருக்கு ஓட்டிப் போய், தங்கிய இடத்துக்கு வெளியே ராத்திரி நிறுத்தினார். காலையில் வண்டி இல்லை. பத்து வருஷம் கேஸ் நடந்து 2021 செப்டம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பதிவில்லாத வண்டியை ஓட்டி வெளியூர் கொண்டு போனது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறிய காரியம், கம்பெனி பணம் தர வேண்டியதில்லை. திருடன் எடுத்துப் போனதற்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் சட்டம் அப்படி.

சீமையிலும் இதே கதைதான். பிரிட்டனில் 1998-லிருந்து, ரோட்டில் ஓட்டாத வண்டி என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்து விட்டால் வரி இல்லை. ஆனால் வண்டி சொந்த இடத்தில்தான் நிற்க வேண்டும், சக்கரம் ரோட்டில் படக்கூடாது. அமெரிக்காவில் பழைய கார்களுக்கென்றே உள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பூட்டிய கராஜ் இருக்கிறதா, தினசரி ஓட்ட வேறு கார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பாலிசி தருகின்றன.

இனி காகித விஷயம். எங்களுக்கு மிகவும் சிரமம் கொடுத்தது இதுதான். ஆர்.சி. மாமனார் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்தால் 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ம் நம்பர் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு இதெல்லாம் தோன்றும்? தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். இறந்தவர் பெயரில் இருக்கும் காருக்கு நாம் பிரீமியம் கட்டினால், நாளை க்ளெயிம் யாருக்கு என்ற கேள்வி வந்து நிற்கும். வாரிசு சான்றிதழில் மாமியார், இவர், இரண்டு நாத்தனார்கள் என நாலு பேர். மூத்த நாத்தனார் உடனே கையெழுத்துப் போட்டு விட்டார். வேலூரில் இருக்கும் இளையவர் போடவில்லை. "அப்பா என்னை அந்தக் காரில்தான் காலேஜில் கொண்டு போய் விட்டார். நீங்க பாட்டுக்குப் பேர் மாத்திட்டு நாளைக்கு வித்துட்டா?" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மாமியாரே ஒரு வழி சொன்னார். கார் இவர் பெயருக்கு வரட்டும், ஆனால் நாலு பேர் சம்மதமும் இல்லாமல் விற்பதில்லை என்று ஒரு காகிதம் எழுதி அவரவர் ஒரு பிரதி வைத்துக் கொள்ளட்டும் என்றார். அதற்குப் பிறகு வேலூர்க் கையெழுத்து வந்தது.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் தனி விதி கொண்டு வந்தது. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு செல்லும். சேஸிஸ், பாடி, என்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. தினசரி மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று மட்டும்தான். அந்த விண்ணப்பத்தோடும் இன்ஷூரன்ஸ் பாலிசி வைக்க வேண்டும். விண்டேஜ் கார் என்றால் தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் பாதிதான் என்று 2022 ஜூனில் வந்த கட்டண அறிவிப்பில் சலுகை கொடுத்தார்கள். 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அதில் முழுக் கட்டணம் 2,094 ரூபாய். "பழைய என்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு மாருதி என்ஜின் வைக்கலாம்" என்று மெக்கானிக் ஆசை காட்டினார். இந்த விதியைக் காட்டித்தான் பையனைத் தடுத்து நிறுத்தினேன்.

இவ்வளவும் பணக் கணக்கு. தாய்மார்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள், கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் மாவட்டத்தில் இதே போல் நாலு குழந்தைகள். வெயிலில் நிற்கும் கார் அரை மணிக்குள் அடுப்பாகி விடும். உள்ளே இருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. ஓடாத கார் என்றால் பெரியவர்கள் கதவைப் பூட்டுவதில்லை, பிள்ளைகளுக்கோ அது ஒரு விளையாட்டு வீடு.

ஆகவே கார்க் கதவு நாலும், டிக்கியும் தனித் தனியாகப் பூட்டியிருக்கட்டும். ஷெட்டுக்கு வேறு பூட்டு. இரண்டு சாவியும் குழந்தைக்கு எட்டாத இடத்தில். எங்கள் வீட்டில் பூஜை அறை மேல் தட்டில் இருக்கிறது. பையன் வேலை செய்ய வேண்டுமானால் என்னிடம் கேட்டு வாங்கி, முடித்ததும் என்னிடமே கொடுக்க வேண்டும். வண்டியைப் பாதுகாக்க நியாயமான எல்லா ஏற்பாடும் செய்ய வேண்டும் என்பது மோட்டார் பாலிசியின் நிபந்தனையும்கூட. சாவியைக் காரிலேயே தொங்க விட்டிருந்தால் க்ளெயிமில் வம்புதான். கம்பெனிக்காகப் பூட்டினாலும் சரி, குழந்தைக்காகப் பூட்டினாலும் சரி, பூட்டு ஒன்றுதானே!

டாங்கில் இருந்த பழைய பெட்ரோலை வடித்து விட்டோம். வீட்டில் லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக் கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது என்று இவர் வாதாடினார். இருக்கட்டுமே, காஸ் சிலிண்டர் இருக்கிற வீட்டில் எனக்கு ஒரு லிட்டர்கூட வேண்டாம். பாட்டரி வயரைக் கழற்றி வைத்தாயிற்று. பாட்டரி ஸ்கூட்டரை அதே ஷெட்டில் சார்ஜ் போடக் கூடாது என்பதும் என் உத்தரவு. கழற்றிப் போட்ட டயரில் ஒரு கரண்டி மழைத் தண்ணீர் தேங்கினால் போதும், டெங்கு கொசு குடும்பம் நடத்தும். அவற்றை ஷெட்டுக்குள் அடுக்கி மூடி விடுங்கள்.

ஏஜெண்டுக்குக் கொடுக்க ஒரு ஃபைல் போட்டேன். ஷெட்டும் பூட்டும் தெரிகிற மாதிரி, காரின் நாலு பக்கமும் தேதியோடு போட்டோ. சேஸிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. வாங்கிய ஒவ்வொரு உதிரிப் பாகத்தின் பில். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட காரின் மதிப்பை நாமும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதால் இந்த பில்கள்தான் கை கொடுக்கும். பரணில் இருக்கும் பம்பர், விளக்கு, ஹார்ன் எல்லாவற்றையும் மாமியார் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். ஹார்ன் மட்டும் இரண்டு இருந்தது. ஒன்று எந்தக் காருடையது என்று வேலூர் நாத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.