பிலிப்பைன் தீவுகளின் முதற் கோல்

பிலிப்பைன் தீவுகளிலே பந்து என்றால் கூடைப்பந்துதான். 1898 முதல் 1946 வரை அத்தீவுகளை ஆண்ட அமெரிக்கர் விட்டுச் சென்ற விளையாட்டு அது. சந்துதோறும் ஒரு கம்பத்தை நட்டு வளையம் கட்டிவிட்டாற் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். உதைபந்தாட்டத்துக்கோ பரந்த புல்வெளி வேண்டும். அது நெருக்கமான மணிலா நகரத்திலே எளிதிற் கிடைப்பதன்று. ஆயினும், அந்நாட்டுக்கு உதைபந்தாட்டப் புகழ் அறவே இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1896 இல் இலோயிலோ நகரிலே ஸ்பானியத் தந்தைக்கும் பிலிப்பைன் தாய்க்கும் பிறந்த பவுலினோ அல்காந்தரா, பார்சலோனாக் கழகத்தின் முன்னணி வீரராகிப் போட்ட கோல்களின் தொகையை மீற, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து மெஸ்ஸி என்பவர் வரவேண்டியிருந்தது. தீவிலே பிறந்தவர் வெளிநாட்டிலே புகழ் பெற்றார். சரீனா போல்டனின் கதை இதற்கு நேர்மாறானது.

சரீனா 1996 இல் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே பிறந்து, பிலிப்பைன் குடும்பங்கள் பல குடியேறியிருக்கும் மில்பிற்றாஸ் என்ற ஊரில் வளர்ந்தவர். அவர் தாய் பிலிப்பைன் வம்சத்தவர். லொயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணியிலே முன்னணியில் நின்று கோல்களைப் போட்டவருக்கு, பெண்கள் உதைபந்தாட்டத்திலே அன்று உலகை வென்று நின்ற அமெரிக்கத் தேசிய அணியில் இடம் பெறுவது அரிதினும் அரிதாயிருந்தது. தாயின் நாடோ வேறொரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது.

அந்த வாயில் சட்டத்தினால் அமைந்தது. பிலிப்பைன் நாட்டிலே குடியுரிமை பிறந்த மண்ணைப் பொறுத்ததன்று, பெற்றோரைப் பொறுத்தது. 1935 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி தந்தை வழியே முதன்மை பெற்றது. அந்நியரை மணந்த பிலிப்பைன் தாயின் பிள்ளை, வயது வந்தபின் தானே கேட்டுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1973 இல் வந்த அரசியலமைப்பு தாயையும் தந்தையையும் சமமாக்கியது. அன்று அந்த வாசகத்தை எழுதியவர்கள் உதைபந்தாட்டத்தை நினைத்திருக்க மாட்டார்கள். எனினும், தாய்வழியாக வந்த பெண்கள் பலரைக் கொண்ட ஒரு தேசிய அணி உருவாவதற்கு அதுவே வழி செய்தது.

2018 இல் ஜோர்தானில் நடைபெற்ற பெண்கள் ஆசியக் கிண்ணப் போட்டியிலே சரீனா அந்த அணிக்காக ஆடினார். ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்றிருந்தால் உலகக் கிண்ணத்துக்குச் செல்லும் உரிமை கிடைத்திருக்கும். தென் கொரியா ஐந்து கோல்களால் வென்றது. பிலிப்பைன் அணி ஒரு கோலும் பெறவில்லை. அடுத்த வாய்ப்புக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காலத்திலே சரீனா தைவானிலும் ஜப்பானிலும் கழகங்களுக்காக ஆடினார். பெண்கள் உதைபந்தாட்டத்திலே பெருஞ் சம்பளம் ஒரு சிலருக்கே உரியது. ஏனையோர் இப்படி நாடு விட்டு நாடு போய்த்தான் தொழிலைத் தொடரவேண்டும்.

2022 சனவரி 30 ஆம் நாள் இந்தியாவின் புனே நகரிலே அந்த வாய்ப்பு மீண்டும் வந்தது. உலகக் கிண்ணத்தில் ஆடும் அணிகளின் தொகை 24 இலிருந்து 32 ஆக உயர்த்தப்பட்டிருந்தமையால், ஆசியக் கிண்ணத்தின் அரையிறுதிக்கு வருபவர் எல்லோருக்கும் இடம் உறுதியாயிற்று. கால் இறுதியிலே சீன தாய்ப்பே அணியை எதிர்த்து ஆடிய பிலிப்பைன் பெண்கள், முதலிற் கோல் போட்டும் பின்னர் அதனைக் காக்க முடியாது போயினர். மேலதிக நேரத்திலும் 1-1. தண்டனை உதைகளிலே கோல் காப்பாளர் ஒலிவியா மக்டானியல் எதிரணியின் இரண்டு உதைகளைத் தடுத்ததோடு தாமே ஓர் உதையைக் கோலாக்கவும் செய்தார். கோல் காப்பாளர் உதைக்க வருவது அபூர்வம். தீர்ப்புச் சொல்லும் உதை சரீனாவுக்கு வந்தது. கோலிலிருந்து பன்னிரண்டு யார் தூரம். எதிரே ஒருத்தி மட்டுமே. ஆனால், நாலாண்டுச் சுமை காலில் இருக்கும்போது அந்தத் தூரம் சிறிதன்று. பந்து வலைக்குள் சென்றது. 4-3.

2023 யூலை 25 ஆம் நாள் நியூஸிலாந்தின் வெலிங்டன் நகரில் 32,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். முதல் ஆட்டத்தில் நோர்வேயை வென்ற நியூஸிலாந்து உலக வரிசையில் 26 ஆவது. சுவிற்சர்லாந்திடம் தோற்று வந்த பிலிப்பைன் 46 ஆவது. ஆட்டத்தின் 24 ஆவது நிமிடத்திலே, நோர்வேயிற் பிறந்த சாரா எக்கஸ்விக் பந்தை உயர்த்தி உள்ளே செலுத்தினார். சரீனா எழும்பித் தலையால் மோதினார். காப்பாளர் விக்டோரியா எசனின் கைகளிற் பட்டும் பந்து நில்லாமல் வலைக்குட் புகுந்தது. ஆடவர், மகளிர் இருபாலாரின் உலகக் கிண்ணங்களையும் சேர்த்துப் பிலிப்பைன் நாடு பெற்ற முதற் கோல் அதுவே. பின்னர் நியூஸிலாந்தின் ஜக்கி ஹாண்ட் போட்ட கோலொன்று 'ஒஃப்சைட்' என்று கழிக்கப்பட்டது. கடைசி நிமிடங்களிலே மக்டானியல் அணியைக் காத்தார். அன்றைய வெற்றியில் அவருக்குரிய பங்கு சரீனாவின் பங்குக்குக் குறைந்ததன்று. கோல் போட்டவரின் பெயரே பெரிதாக அச்சாவது உதைபந்தாட்டத்தின் வழக்கம்.

ஐந்து நாள் கழித்து நோர்வே ஆறு கோல்களால் அந்த அணியைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியது. சரீனா அவுஸ்திரேலியாவிலும் பின்னர் இத்தாலியின் கோமோ நகரத்திலும் கழக ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

இந்த அணியைப் பற்றி ஒரு வினா எழுந்தது நியாயமே. வெலிங்டனில் ஆடியவருட் பெரும்பாலோர் அமெரிக்காவிற் பிறந்தவர்கள். இவர்களைப் பிலிப்பைன்காரர் அல்லர் என்பது பொருந்தாது; பிழைப்புக்காகப் பல இலட்சம் மக்களைக் கடல் கடந்து அனுப்பிய நாடு, அவர்களின் பிள்ளைகள் திரும்பி வரும்போது அந்நியர் என்று கூறமுடியுமா? ஆனால், மறுபக்கமும் உண்டு. மணிலாவின் டி லா சால் பல்கலைக்கழகத்திலே ஆடி வளர்ந்த இன்னா பலாசியோஸ், அயல்நாட்டு உதவி அதிகம் இல்லாத நாட்களிலே பல ஆண்டுகள் அந்நாட்டின் கோலைக் காத்தவர்.