பவளத்திட்டு வாசிகள் – 9: கூப்பிட்டால் வரும் காவலாளி

சென்ற வாரம் பார்த்த கிளிமீன் ஊர் சுற்றி. இந்த வாரத்து மீன் வீட்டை விட்டு நகராது. கோபியோடான் ஹிஸ்ட்ரியோ என்ற பவள உளுவை அது. நீளம் 3 சென்டிமீட்டர் சொச்சம். பச்சை உடம்பு, முகத்திலும் விலாவிலும் செங்கோடுகள். செதில் கிடையாது, அதற்குப் பதில் மேலெல்லாம் நஞ்சு கலந்த வழவழப்பு.

அக்ரோபோரா பவளத்தின் நெருக்கமான கிளைகளுக்குள் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி குடியிருக்கும். துணை செத்துப்போனால் வேறு துணை தேடி வெளியே போவது ஆபத்து. வழியிலேயே பெரிய மீன்கள் விழுங்கிவிடும். அதனால் வந்து சேருவது ஆணோ பெண்ணோ, இரண்டில் ஒன்று பால் மாறி ஜோடியாகிவிடுகிறது. பெண் ஆணாகும், ஆண் பெண்ணாகவும் ஆகும். இப்படி இரண்டு பக்கமும் மாறக்கூடிய மீன்கள் அபூர்வம். பிலிப் மண்டேயும் சகாக்களும் 1998இல் இதை எழுதினார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு பிஜித் தீவில் தெரியவந்த செய்தி. அங்கே குளோரோடெஸ்மிஸ் என்றொரு கடற்பாசி உண்டு. பளிச்சென்ற பச்சை நூல்கள் கொத்தாக அலையும். அதன் நஞ்சு பட்ட இடத்தில் பவளத்தின் சதை வெளுத்துச் சாகும். டேனியல் டிக்சனும் மார்க் ஹேயும் இந்தப் பாசியைப் பவளத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். சில நிமிடங்களுக்குள் உளுவைகள் அங்கே வந்து கடித்து நறுக்கத் தொடங்கின. நைலான் இழையால் செய்த போலிப் பாசியைச் சீண்டவே இல்லை. உண்மைப் பாசியின் வாடை மட்டும் கலந்த நீருக்கும் அசையவில்லை. அடிபட்ட பவளத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து விட்டதும் ஓடி வந்தன. அதாவது, கூப்பிட்டது பவளம். மூன்று நாளில் பாசி 30 சதவீதம் குறைந்தது. பவளத்துக்கு நேர்ந்த சேதமோ 70 முதல் 80 சதவீதம்வரை குறைந்தது. அதே பவளத்தில் ஒண்டியிருந்த டாம்சல் மீன்கள் இதற்குள் இடத்தைக் காலி செய்திருந்தன. நறுக்கிய பாசியை ஹிஸ்ட்ரியோ தின்னவும் செய்கிறது. தின்றபின் அதன் மேல்தோல் நஞ்சுக்கு வீரியம் கூடுகிறது. 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த ஆய்வு வந்தது.

பாசி பெருகக் காரணம் பெரும்பாலும் நாம்தான். பாசி மேயும் மீன்களை அளவின்றிப் பிடித்துவிட்ட பிஜிக் கரைகளில் பாசி மண்டிக் கிடக்கிறது. மீன்பிடிக்கத் தடை விதித்துக் கிராமத்தார் காக்கும் பக்கத்துத் திட்டுகளில் பவளம் தழைக்கிறது. இவ்வளவு சிறிய மீன் அத்தனை மேய்ச்சல் மீன்களின் வேலையையும் செய்துவிட முடியாது.

அந்தச் சின்னக் காவலும் இப்போது குறைந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவை 2014, 2015இல் புயல்கள் தாக்கின. 2016, 2017இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. பிழைத்த பவளங்களில் பலவும் உளுவை இல்லாமல் கிடந்தன. எத்தனை சதவீதம் பவளம் மீண்டது என்று கணக்கெடுப்பவர்கள், கிளைகளுக்குள் விளக்கடித்து ஜோடி இருக்கிறதா என்றும் எண்ணிப் பதிய வேண்டும்.