கூடுகளை எண்ணுவோம்

தீபாவளியன்று வெடிச்சத்தம் கேட்காத ஊர் ஒன்றை நீங்கள் அறிவீர்களா? சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டிதான் அது. கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக, அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டாசு வெடிப்பதில்லை. 1977ஆம் ஆண்டில் இக்கண்மாய்கள் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்ததும் கொக்கு, நாரை, வக்கா முதலியவை கூட்டங்கூட்டமாக வந்து கூடு கட்டுகின்றன. இவை ஆண்டுதோறும் பெருகுகின்றனவா, குறைகின்றனவா? எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்!

பறவைகளை எண்ணுவது கடினம். தாயும் தந்தையும் மாறி மாறி இரை தேடப் பறக்கும். ஒரே பறவையை இருமுறை எண்ணிவிடுவோம். கூடு நகர்வதில்லை. முட்டையோ குஞ்சோ உள்ள ஒரு கூட்டை ஓர் இணை என்று கொள்ளலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆர்வலர்கள் 1928 முதல் சாம்பல் நாரைகளின் கூடுகளை இவ்வாறே எண்ணி வருகின்றனர். 1962–63இன் கடுங்குளிருக்குப் பின் நாரைகள் வெகுவாகக் குறைந்ததும், பின்னர் மீண்டும் பெருகியதும் இக்கணக்கினால்தான் தெரியவந்தன.

இலைமறைவில் உள்ள கூடுகளை என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. ஒரே நாளில் இருவர் தனித்தனியே, ஒருவரையொருவர் கேளாமல், மரங்களின் படம் வரைந்து கூடுகளைக் குறிக்க வேண்டும். முதல்வர் 40 கூடுகளையும் இரண்டாமவர் 36 கூடுகளையும் கண்டனர். இரண்டு படத்திலும் இருப்பவை 30 என்று கொள்வோம். இரண்டாமவர் கண்ட 36இல் 30ஐ, அதாவது ஆறில் ஐந்து பங்கை, முதல்வர் கண்டிருக்கிறார். எனவே அவர் கண்ட 40 என்பது மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்காகும். மொத்தம் 48! இருவரும் சேர்ந்து கண்டவை 46தான். இருவர் கண்ணுக்கும் தப்பியவை ஏறத்தாழ 2. ஆனால், எவர் கண்ணுக்குமே தெரியாதபடி ஆழ மறைந்த கூடுகள் பல இருந்தால், உண்மைத் தொகை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. மரத்தடிக்குச் செல்லாதீர்கள். பெரிய பறவைகள் மிரண்டு எழுந்தால், காத்திருக்கும் காகம் முட்டையைக் கவரும். சிறு குஞ்சுகள் வெயிலில் வாடும். எண்ணச் சென்றவர்களே எண்ணிக்கையைக் குறைத்தவர்களாவோம்! வனத்துறையினரின் அனுமதி பெற்று, கரையில் நின்று, தொலைநோக்கியால் பாருங்கள்.

ஓராண்டுக் கணக்கு அதிகம் சொல்லாது. ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில், அதே இடத்தில் நின்று, அதே முறையில் எண்ணுங்கள். நாளையும் நீர்மட்டத்தையும் உடன் குறியுங்கள். மழை குறைந்த ஆண்டில் கூடு குறைவது இயல்பு. கண்மாய் நிரம்பியும் கூடு குறைந்தால், ஏதோ கோளாறு என்று அறியலாம். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்கு அமைதியைத் தந்தார்கள். அந்த அமைதி பலன் தருகிறதா என்பதை உங்கள் நோட்டுப்புத்தகம் சொல்லட்டும்!