ஒரு கன மீற்றருக்குள் ஒரு பரப்புக் காணி

காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்து உற்பத்தி, போரினால் 1990இல் நின்றது. அந்த ஆலைக்கு மூலப்பொருள் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். எரிபொருளை மாற்றினாலும் இது குறையாது. வாயு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சீமெந்து ஆலைகள் புகையிலிருந்தே அதைப் பிடித்தெடுக்க வேண்டியிருக்கிறது. நோர்வேயின் பிரெவிக் ஆலையில் ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் பிடிக்கும் நிலையம் 2025இல் திறக்கப்பட்டது.

பிடிக்கும் முறை இது: உயர்ந்த கோபுரமொன்றில் புகை கீழிருந்து ஏற, அமைன் கரைசல் மேலிருந்து இறங்கும். வாயு கரைசலோடு வேதியியல் முறையில் பிணையும். பின்னர் இன்னொரு கோபுரத்தில் கரைசலைச் சுமார் 120 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் வாயு பிரியும். கரைசல் மீண்டும் பயன்படும்.

புகையும் கரைசலும் சந்திக்கப் பெரும் மேற்பரப்பு வேண்டும். அதைத் தருவது கோபுரத்தின் உள்ளே இருக்கும் நிரப்புப் பொருள். தொடக்ககாலக் கோபுரங்களில் கற்களையும் கரித்துண்டுகளையும் கொட்டினார்கள். பின்னர் ஜேர்மனியின் ராஷிக் வளையங்கள் வந்தன. அடுத்து, சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் நெளிந்த மெல்லிய தகடுகளை அடுக்கியது. அதன் பிரபல வகையொன்றில் ஒரு கன மீற்றருக்குள் சுமார் 250 சதுர மீற்றர் மேற்பரப்பு இருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ ஒரு பரப்புக் காணி!

தகடுகளை இன்னும் நெருக்கினால் மேற்பரப்பு கூடும். புகையைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரமும் கூடும். அளவு மீறினால் கரைசல் கீழிறங்காமல் தேங்கிக் கோபுரம் நிறைந்துவிடும். தேக்கம் பெரும்பாலும் அடுக்குகள் சந்திக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. தகட்டின் நுனிகளை நிமிர்த்தி வளைத்தபோது அந்தத் தடை குறைந்தது. சிறிய மாற்றம், பெரிய பயன்.

நிரப்பியை எதனால் செய்வது என்பதும் முக்கியம். துருப்பிடிக்காத உருக்கில் கரைசல் நன்றாகப் படரும். ஆனால் விலை அதிகம். பிளாஸ்டிக் மலிவு, ஆனால் கரைசல் படராமல் துளிதுளியாக உருளும். அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிப் படரவைக்க முயல்கிறார்கள். வாயு பிணையும்போது எழும் வெப்பம் உறிஞ்சலைக் குறைக்கும். இதற்காக அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம், உள்ளே குளிர்நீர் ஓடும் அலுமினிய நிரப்பியை முப்பரிமாண அச்சில் உருவாக்கியது.

நிரப்பிகளை ஆராயப் பெரிய ஆலை தேவையில்லை. ஒளிபுகும் குழாய், காற்றூதி, நீர் இவை போதும். ஒரு நிரப்பி எவ்வளவு தடுக்கிறது, எப்போது தேக்குகிறது என்று அளந்துவிடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீட மாணவர்களுக்கு இது எட்டாத வேலையல்ல. வடக்கில் மீண்டும் சீமெந்து சுடுவதானால், சூளையோடு இந்தக் கோபுரத்தையும் முதல் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். அதை வடிவமைக்கும் அறிவு நம் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும்.