எத்தியோப்பிய விருந்தும் பயணியும்

அயல்நாட்டுணவைச் சுவைப்பதற்கும் அந்நாட்டாரின் விருந்தினராவதற்கும் உள்ள வேறுபாட்டை, எத்தியோப்பிய மரபின்வழி இங்கு விளக்க முற்படுகிறோம்.

தெஃப் என்னும் சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்து, அகன்ற வட்டக்கல்லில் சுடப்படும் இஞ்செரா, நம் ஆப்பத்தை நினைவூட்டும். அதன்மேல் குழம்பு வகைகளைப் பரப்பி, அனைவரும் ஒரே தட்டிலிருந்து வலக்கையால் உண்பர். விருந்தளிப்பவர் ஒரு கவளத்தைச் சுருட்டி விருந்தினர் வாயில் ஊட்டுவது ‘குர்ஷா’ எனப்படும். எச்சில் பார்த்துத் தனித்தனி இலையில் உண்டு பழகிய நமக்கு இது தயக்கம் தரலாம். எனினும், அதனை மறுத்தல் அன்பை மறுத்தலாகவே அங்குக் கொள்ளப்படும்.

உணவுக்குப்பின் காப்பிச் சடங்கு நிகழும். பச்சைக் கொட்டைகளைக் கழுவி, விருந்தினர் முன்னிலையிலேயே வறுத்து, இடித்து, ‘ஜெபெனா’ என்னும் மண்கெண்டியில் காய்ச்சுவர். அபோல், தோனா, பெரெக்கா என மூன்று சுற்றுகள் வழங்கப்பெறும். இறுதிச் சுற்றின் பெயர் ஆசி எனப் பொருள்படும். ஆதலின் முதற்சுற்றோடு எழுந்துவிடுதல் முறையன்று.

இச்சடங்கு ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நீளக்கூடியது. பயண நிரல் இதனை அரைமணி நேரக் காட்சியாகச் சுருக்குமாயின், எஞ்சுவது காப்பி மட்டுமே, விருந்தோம்பலன்று. ‘விருந்து’ என்னும் நம் சொல் புதுமையைக் குறிப்பது. அங்குப் புதியவர் நாமே. ஆகவே, பயணத்தைத் திட்டமிடுவோர் மூன்றாம் கோப்பைக்கும் நேரம் ஒதுக்குதல் வேண்டும்.